அறுநூற்றுப் பத்தொன்பது நாள் நெருப்பு

பிப்ரவரி 3, திங்கள்

ஆறு மணிக்கு அலாரம். எழுந்து பல் துலக்கி, காபி போட்டு, டிவி முன்னால் உட்கார்ந்து கன்ட்ரோலரைக் கையில் எடுத்தேன். ஒரு கொட்டாவி. அப்புறம் இன்னொன்று. விளையாடப் போகிறவள் இப்படியா கொட்டாவி விடுவாள்?

ஆட்டத்தைத் திறந்தால் உடனே ஆட்டம் வருவதில்லை. முதலில் ஒரு பெட்டி வந்து 'இன்றைய பரிசைப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்கிறது. பெற்றுக்கொண்டால் இன்னொரு பெட்டி. திரையின் நான்கு மூலையிலும் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றையும் தொட்டு அணைக்க வேண்டும். பிறகு ஏழு தினசரிப் பணிகள். பத்து காளான் பறி, ஐந்து ஓநாய் அடி. காளான் எங்கே என்று தேடவாவது விடுகிறார்களா, அதுவும் இல்லை. தரையில் ஒரு மஞ்சள் அம்பு முன்னால் ஓடி வழி காட்டுகிறது. நான் தலையைக் குனிந்துகொண்டு அதன் பின்னால் போகிறேன்.

எல்லாம் முடிந்ததும் தம்பியும் நானும் ஒரு நெருப்புக்குப் பக்கத்தில் போய்ச் சேர வேண்டும். 'தோழமை நெருப்பு' என்று அதற்குப் பெயர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நாற்பது நிமிடம் ஆட்டத்துக்குள் இருந்தால் நெருப்புக்கு ஒரு நாள் கூடும். ஒருவர் ஒரே ஒரு நாள் வராவிட்டாலும் அணைந்துவிடும். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்களுடையது இன்றைக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு.

எனக்கு வயது நாற்பத்துமூன்று. பதினொரு வயதில் விளையாட ஆரம்பித்தவள். பரீட்சைக்கு முந்தின நாள் விளையாடியிருக்கிறேன், காய்ச்சலில் விளையாடியிருக்கிறேன், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு கால் வீங்க உட்கார்ந்து விளையாடியிருக்கிறேன். விளையாடும்போது கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம் மட்டும் இப்போது புதிதாக வந்திருக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

ஒருவேளை கண்ணாக இருக்குமோ?

கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடமாக ஊர்க்காரர்களின் கண்ணையெல்லாம் சோதிக்கிறேன். என் கண்ணை யார் சோதித்தார்கள்? மதியம் கூட்டம் குறைந்ததும் நானே சோதனைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என்னைக் கடைப் பையனைப் போல வேலை வாங்குவார் எங்கள் முதலாளி; அவரை இன்று நான் வேலை வாங்கினேன். ஒவ்வொரு லென்ஸாக மாற்றி, வருகிறவர்களிடம் நான் கேட்கிற கேள்வியை என்னிடமே கேட்டார். "முன்னாடி தெளிவா இருந்துச்சா, இப்பத் தெளிவா இருக்கா?"

கேட்கவேண்டிய கேள்விதான். பதில் சொல்வதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

தூரத்தைப் பார்க்கிற பவர் ஏறியிருக்கிறது. சாயங்காலமே லென்ஸ் வெட்டிப் பிரேமில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். இந்தக் காலத்து ஆட்டங்களில் எழுத்தை எறும்பு ஊர்கிற மாதிரிதானே போடுகிறார்கள். புதுக் கண்ணாடியில் எல்லாம் பளிச்சென்று படிக்க முடிகிறது. 'காளான் 0/10.' நன்றாகத் தெரிகிறது. எவ்வளவு அலுப்பு என்பதும் சேர்ந்து தெரிகிறது.

பிப்ரவரி 8, சனி

பரண்மேல் இருந்து பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்கினேன். என் வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தார். தூசியைத் துடைத்து, ஒயரைச் செருகி, என்னென்னவோ இணைப்பெல்லாம் வாங்கி மாட்டி, கடைசியில் படம் வந்துவிட்டது. குகை ஆட்டம். என் பதினொரு வயதுக் கோடை விடுமுறை முழுவதையும் தின்ற ஆட்டம்.

முப்பது நிமிடம் விளையாடினேன்.

அலுத்துவிட்டது.

நம்ப முடியாமல் இன்னும் பத்து நிமிடம் விளையாடினேன். அம்பு இல்லை, பரிசுப் பெட்டி இல்லை, சிவப்புப் புள்ளி இல்லை. நான் குறை சொல்கிற ஒன்றுமே இதில் இல்லை. அப்படியும் அலுக்கிறது. அப்படியானால் கெட்டுப்போனது எது? ஆட்டமா, நானா?

பெட்டிக்கு அடியில் எங்கள் நோட்டு கிடந்தது. அந்தக் குகைக்கு நாங்கள் வரைந்த வரைபடம், எண்பது பக்கம். நாங்கள் என்று சொல்வது தப்பு, வரைந்தது பெரும்பாலும் தம்பிதான். வீட்டில் கன்ட்ரோலர் ஒன்றுதான் உண்டு. நான் ஆடுவேன், அவன் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு பென்சிலால் வரைவான். "இரு, வரையல, வரையல" என்று கத்துவான். அவன் வரைந்து முடிக்கிறவரை நான் நிற்க வேண்டும். அதனால்தான் அவனுக்கு ஆமை என்று பெயர் வைத்தேன். என் உயிர் போனால் கன்ட்ரோலர் அவன் கைக்குப் போகும், நோட்டு என் கைக்கு வரும். அதுதான் சட்டம். என் முறை வந்து நான் வரைந்த பக்கங்களைப் பார்த்தால் கோழி கிண்டின மாதிரி இருக்கிறது.

நாற்பத்தாறாம் பக்கத்தில் எட்டு வயதுக் கையெழுத்து: 'இங்கே போகாதே. அக்கா 4 முறை செத்தாள்.'

பிப்ரவரி 9, ஞாயிறு

இவரிடம் சொன்னேன், எதுவுமே பிடிக்கவில்லை என்று. செய்தித்தாளை இறக்காமலே பதில் வந்தது: "வயசாயிடுச்சுன்னு அர்த்தம்." இவர் சொல்கிறார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற மனிதர்.

மகள் தன் அறையில் நாங்கள் ஆடுகிற அதே ஆட்டத்தைத்தான் ஆடுகிறாள். அதே காளான், அதே அம்பு. கதவைத் தாண்டிச் சிரிப்புச் சத்தம் வருகிறது. நாலு தோழிகளோடு ஹெட்போனில் என்ன பேச்சு, என்ன கும்மாளம்! எட்டிப் பார்த்தால் ஒருத்தி இன்னொருத்தியைத் தண்ணீரில் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறாள். பணி ஒன்றும் செய்கிறார்களாகத் தெரியவில்லை.

எனக்கு மட்டும் ஏன் அலுக்கிறது என்று கேட்டேன். ஒரு காதில் இருந்து ஹெட்போனை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "விளையாடும்போது உங்க முகத்தைப் பாத்திருக்கீங்களாம்மா? வரிசையில நிக்கிற மாதிரி இருக்கும்."

பதினைந்து வயதில் நாக்கு என்னவோ நீளமாகத்தான் இருக்கிறது. துணி மடிக்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். தம்பிக்கு எழுதினேன்: 'டேய், எனக்கு இந்த ஆட்டம் அலுத்துப்போச்சு. விட்டுடலாமா?' அனுப்பவில்லை. அழித்தேன். வேறு மாதிரி எழுதினேன். அதையும் அழித்தேன்.

ஏன் முடியவில்லை என்று இங்கேயாவது எழுதுகிறேன்.

அம்மா போய் இந்த மாதத்தோடு இரண்டு வருடம். தம்பி ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கிறான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவன் வந்து சேரவில்லை. அம்மா போன மறுநாள் காலையில்தான் வந்தான். வந்தவனைப் பார்த்து, உறவுக்காரர்கள் எல்லார் முன்னாலும், "இப்ப எதுக்கு வந்த? வராமலே இருந்திருக்கலாமே" என்று கேட்டேன். மூன்றாம் நாள் கிளம்பிப் போனான். நாலு மாதம் ஒரு வார்த்தை கிடையாது. அவனும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அப்புறம் ஒரு நாள் காலையில் அவனிடமிருந்து இந்த ஆட்டத்துக்கு அழைப்பு. எப்படி இருக்கே இல்லை, மன்னிச்சிடு இல்லை. வெறும் அழைப்பு. ஆட்டத்தில் அவன் பெயர் 'ஆமை'. அதைப் பார்த்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன்.

அன்றிலிருந்து தினமும் ஆறு மணி. முதலில் மைக்கில் பேசுவோம். எல்லாம் ஆட்டத்துப் பேச்சுதான்: இடது பக்கம் வா, பின்னால ஓநாய், மருந்து இருக்கா. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மூன்று மாதத்துக்கு முன்னால் மைக் போயிடுச்சு என்று எழுதி அனுப்பினான். அதன்பிறகு அந்தப் பேச்சும் இல்லை. எனக்கு அப்போது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. காலையில் பேசத் தெம்பு வேண்டாமா?

எனக்கும் என் தம்பிக்கும் நடுவில் இருக்கிறது இந்த நெருப்பு ஒன்றுதான். அவனுக்கு இந்த ஆட்டம் அவ்வளவு பிடித்திருக்கிறது, ஒரு நாள்கூடத் தவறாமல் வருகிறான். நான் போய் அதை அணைத்தால் என்ன நினைப்பான்? மறுபடி ஒரு தடவை வராதே என்று சொன்ன மாதிரி ஆகாதா?

இதில் ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். அதை எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

வழி கிடைத்துவிட்டது! வெட்கமாகவும் இருக்கிறது.

ஆட்டத்தில் ஐந்து நிமிடம் சும்மா நின்றால் வெளியே தள்ளிவிடும். அதனால் கடையில் இருந்து ஒரு தடித்த ரப்பர் பேண்ட் கொண்டு வந்து, கன்ட்ரோலரின் குச்சியை ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்து மாட்டினேன். என் ஆள் நெருப்பைச் சுற்றி வட்டம் போட்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். நடந்துகொண்டே இருக்கிறாள். நாற்பது நிமிடமும் கணக்கில் சேர்ந்துவிட்டது. நான் அதற்குள் ஒரு பக்கெட் துணி அலசிப் போட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

துணி காயப்போட்டுவிட்டு வந்து திரையைப் பார்த்தால், தம்பியின் ஆளும் வட்டம் போடுகிறான்! நான் இந்தப் பக்கமாகச் சுற்றினால் அவன் அந்தப் பக்கமாக. சுற்றுக்கு ஒரு தடவை எதிரும் புதிருமாக இரண்டு பேரும் கடந்து போகிறோம். என்னைக் கேலி செய்கிறான். சின்ன வயதிலும் இப்படித்தான், நான் நொண்டினால் அவனும் நொண்டுவான்.

இத்தனை நாளும் காளானில் கண்ணாக இருந்ததால் அவன் என்ன செய்கிறான் என்று நான் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. பாவம், அக்கா தன்னோடு விளையாடுகிறாள் என்று நினைத்துச் சுற்றுகிறான். நான் இங்கே துணி காயப்போடுகிறேன். ஆனாலும் ரப்பர் பேண்டைக் கழற்றவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

அம்மா போய் இரண்டு வருடம். ஆறு மணிக்கு இரண்டு பேரும் வந்தோம். சுற்றினோம். போனோம்.

பிப்ரவரி 24, திங்கள்

ரப்பர் பேண்ட் எனக்குத் தினமும் நாற்பது நிமிடம் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. அதில் என்ன செய்கிறேன்? இரண்டு நாள் துணி. ஒரு நாள் அலமாரி. மற்ற நாளெல்லாம் அடுப்படியில் நின்று கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறேன். விளையாடவும் பிடிக்கவில்லை, விளையாடாமல் இருக்கவும் முடியவில்லை. கூண்டுப் புலி மாதிரி இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடக்கிறேன். டிவியில் இருக்கிறவளும் நடக்கிறாள். இரண்டு பேரில் யார் கட்டிப்போடப்பட்டவள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த நோட்டைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். ஒன்று தோன்றியது. அன்றைக்கு அம்பு இல்லை. அதனால் தம்பிக்கு வேலை இருந்தது. அவன் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க எனக்குத் தெரியாது. அவன் தப்பாக வரைந்தால் சாவேன், செத்தால் அவனைத் திட்டுவேன். திட்டினால் நோட்டை மூடி வைத்துக்கொண்டு தரமாட்டான். கெஞ்ச வேண்டும். அம்மா வந்து டிவி ஒயரைக் கழற்றி மாவு டப்பாவில் ஒளித்து வைப்பாள். இரண்டு பேரும் கட்சி சேர்ந்து தேடுவோம். ஒயரை ஊதி மாவைத் தட்டி மாட்டுவோம்.

இப்போது அம்பு இருக்கிறது. எனக்கு யாரும் வேண்டாம். அவனுக்கும் யாரும் வேண்டாம்.

ஆனால் பழைய ஆட்டத்திலும் அம்பு இல்லையே, அது ஏன் அலுத்தது? — பக்கத்தில் ஆள் இல்லை. அவ்வளவுதானா? இவ்வளவு சின்ன விஷயமா? தெரியவில்லை. இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

மார்ச் 1, சனி

நெருப்புக்கு அறுநூற்றுப் பதினாறு. ஆட்டம் எனக்கு ஒரு தொப்பி கொடுத்தது. தம்பிக்கும் அதே தொப்பி. இரண்டு தொப்பிகள் சுற்றுகின்றன.

மார்ச் 4, செவ்வாய்

ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் வழக்கம்போல ஆறு மணி. ரப்பர் பேண்டை மாட்டினேன். ஆமையும் வந்து சுற்ற ஆரம்பித்தான். நான் அடுப்படியில் இருந்தேன். ஆறு இருபதுக்குப் போன். தம்பி மனைவி. அவள் எப்போதும் சாயங்காலம்தான் கூப்பிடுவாள், அதுவும் மாதத்துக்கு ஒரு முறை.

"அண்ணி, நீங்க இப்ப விளையாடிட்டு இருக்கீங்களா?"

ஆமா என்றேன். எடுத்த எடுப்பில் பொய். டிவியைப் பார்த்தேன், ஆமை தொப்பியோடு சுற்றிக்கொண்டிருந்தான்.

"அவர் இங்க இல்ல அண்ணி."

எனக்குப் புரியவில்லை. இதோ இருக்கிறானே என்றேன். அவள் அழ ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வயிற்று வலி என்று சுருண்டு விழுந்திருக்கிறான். குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன். நேற்று மறுபடி காய்ச்சல், சீழ் வைத்திருக்கிறது என்று இன்னொரு முறை திறந்திருக்கிறார்கள். மூன்று நாளாக என் தம்பி ஆஸ்பத்திரியில். மூன்று நாளாக நான் அவனைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

அப்படியானால் சுற்றுவது யார்?

"நான்தான் அண்ணி. மாட்டிட்டுப் போன்னு சொன்னார். காலைல ஆறு மணிக்கு ஆன் பண்ணி ரப்பர் பேண்டை மாட்டிடு, அக்கா காத்திட்டிருப்பா, அவளுக்கு ஒண்ணும் தெரிய வேணாம்னு. மூணு மாசமாவே அவர் இப்படித்தான் பண்றார். மாட்டி வெச்சுட்டுக் குளிக்கப் போவார். விட்டுடுங்களேன்னா, அக்காவுக்கு இந்த ஆட்டம்னா உயிரு, நான் விட்டா அவ என்ன நினைப்பாம்பார்."

அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். திரையில் இரண்டு பேரும் தொப்பி போட்டுக்கொண்டு சுற்றினார்கள். ஒருவரும் இல்லாத இடத்தில் இரண்டு பேர். இந்த மூன்று மாதத்தில் முக்கால்வாசி நாள் நான் அவனுக்காகக் காளான் பறித்தேன், மீதி நாள் துணி துவைத்தேன். அவன் என்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்து உருகினேனே! முட்டாள். இரண்டு முட்டாள்.

உடனே கிளம்பினேன். முதலாளிக்குப் போனில் சொன்னேன். இவர் ரயில்நிலையம்வரை வந்தார், வழியில் இரண்டு முறை தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். நோட்டைப் பைக்குள் ஏன் போட்டேன் என்று தெரியாது.

ரயில் மெதுவாகப் போகிறது. நான் எழுத மாட்டேன் என்று சொன்னதை எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு இன்னும் இரண்டு மூன்று நாள்தான் என்று டாக்டர் காலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். வரட்டுமா என்று கேட்டான். அவசரமில்லை, நல்லா இருக்காங்க, லீவு கிடைக்கிறப்ப வா என்றேன். நான்தான் சொன்னேன். ஐந்து மாதம் தனியாகப் பார்த்துக்கொண்டவள் நான். கடைசி இரண்டு நாளை அவனோடு பங்கு போட மனசு வரவில்லை. அம்மா எனக்கு மட்டும் வேண்டும் என்று இருந்தது. அப்புறம் அவன் வந்து நின்றபோது, என் தப்பைத் தூக்கி அவன் தலையில் போட்டேன்.

அவன் இன்றுவரை அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

மார்ச் 5, புதன்

மூக்கில் குழாய், கையில் குழாய். கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கிறான். காய்ச்சல் இறங்கிவிட்டது, பிழைத்துக்கொண்டான் என்று நர்ஸ் சொன்னார். என்னைப் பார்த்ததும் முதலில் மனைவியைத்தான் முறைத்தான், சொல்லிவிட்டாளே என்று.

ஆறு மணி வந்தது, போனது. யாரும் ஆட்டத்தைத் திறக்கவில்லை. அறுநூற்றுப் பத்தொன்பதோடு சரி.

மார்ச் 6, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அவன் மனைவி சாப்பிடப் போயிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டாக்டர் சொன்னது, அவன் கேட்டது, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். பிறகு, இதைச் சொல்ல ரெண்டு வருஷமா என்றான்.

"பெட்டி கட்டி வாசல்ல வெச்சிருந்தேன்க்கா. உனக்குப் போன் பண்ணிட்டுக் கிளம்பலாம்னுதான் பண்ணேன். அவசரமில்லைன்ன. எல்லாத் துணியையும் எடுத்து மறுபடி அலமாரியில அடுக்கினேன்."

அவ்வளவுதான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அழுதானா என்று தெரியவில்லை, தோள் ஆடியது. தொடலாமா என்று கையை நீட்டி, திரும்ப எடுத்துக்கொண்டேன். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. சாயங்காலம்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

விளக்கு போட்ட பிறகு, சுவரைப் பார்த்தபடியே கேட்டான்: "நெருப்பு?"

அணைஞ்சு போச்சு என்றேன்.

"விட்டுது சனியன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் கொடு என்று கையை நீட்டினான்.

மார்ச் 12, புதன்

தம்பி வீட்டில் இருக்கிறேன். நேற்று அனுப்பிவிட்டார்கள். மாடிப்படி ஏறக்கூடாது. லிஃப்ட் வேலை பார்க்கிறவன் வீட்டுக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடிக்கு நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அவன் மானம் போய்விட்டதாம்.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பேச்சு நடுவில் திடீரென்று நின்றுவிடுகிறான். எனக்கு எது என்று தெரியும், அவனுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். ஒரு நிமிடம் இருந்துவிட்டு வேறு பேச்சுக்குப் போகிறோம்.

இன்று மத்தியானம் அவன் வாங்கிப் பிரிக்காமலே வைத்திருந்த ஒரு ஆட்டத்தை எடுத்தான். புதிதுதான், போன வருடத்து ஆட்டம். ஒரு பாழடைந்த அரண்மனை. இதிலும் அம்பு இருந்தது. தேடிப் பிடித்து அணைத்தேன். கன்ட்ரோலர் ஒன்று. அவன் சோபாவில் மல்லாந்து படுத்துக்கொண்டு வரைய ஒரு நோட்டு கேட்டான். பையிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். கடைசியில் காலிப் பக்கம் கிடைத்தது.

"இரு, இரு. வரையல."

நின்றேன். முப்பது வருடம் கழித்தும் அதே ஆமை.

மூன்று மணி நேரம் விளையாடினோம். மேற்குக் கட்டடத்தைக் கிழக்கு என்று வரைந்துவிட்டான். ஒரே வாசலைச் சுற்றிச் சுற்றி வந்து நான் ஆறு முறை செத்தேன். செத்தால் கை மாற வேண்டும், அதுதான் சட்டம்; ஆனால் அவனால் நிமிர்ந்து உட்கார முடியாது. அதனால் அவன் முறையையும் நானே ஆட, அவன் திட்ட, நான் நோட்டைப் பிடுங்க, அவன் சிரித்துத் தையல் இழுத்து "ஐயோ அம்மா" என்று கத்த, அவன் மனைவி கரண்டியோடு வந்து இரண்டு பேரையும் சின்னப் பிள்ளைகளைத் திட்டுவது போலத் திட்டினாள். டிவி ஒயரைக் கழற்றிக் கொண்டு போய்விட்டாள்.

அம்பு இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் அந்த வாசலைத் தாண்டியிருப்போம். அப்படி ஒன்றும் பெரிய ஆட்டமும் இல்லை. கடிகாரத்தை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கிளம்புகிறேன். நோட்டை அவன் தரவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

அலாரம் வைக்காமலே ஆறு மணிக்கு முழிப்பு வந்துவிட்டது. உடம்புக்கு இன்னும் செய்தி போகவில்லை. ரப்பர் பேண்டை எடுத்து டீத்தூள் பாக்கெட்டுக்குப் போட்டாயிற்று. என்ன செய்வது என்று தெரியாமல் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது.

"ரப்பர் பேண்ட் போட்டாச்சா?" என்றான்.

போனை வைத்துவிட்டு எங்கேயும் போகமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னான். நீயும் செய் என்றேன். தையல் பிரித்துவிட்டார்களாம். அடுத்த வாரம் வேலைக்குப் போகலாமாம். அப்புறம் பேச்சு நின்றது. நான் எதிர்பார்த்த நிறுத்தம்தான். ஆனால் இந்தத் தடவை அவன் வேறு பேச்சுக்குப் போகவில்லை.

"அந்தக் கடைசி ரெண்டு நாள் அம்மா என்ன பண்ணாங்க? எனக்குச் சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னேன். முதல் நாள் காலையிலிருந்து ஆரம்பித்தேன். ஜன்னலைத் திறக்கச் சொன்னது, நர்ஸின் மூக்குத்தி நன்றாக இருக்கிறது என்றது, அவனுடைய சின்ன வயசுச் சட்டை ஒன்றைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டது. நான் வேகமாகப் போகும்போதெல்லாம் அவன் நிறுத்தினான். இரு, கட்டில் ஜன்னலுக்கு எந்தப் பக்கம்? நீ எங்க உட்கார்ந்திருந்த? நான் நின்று, யோசித்து, சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சொல்லி முடித்தபோது இரண்டு பேருக்கும் மூக்கு அடைத்திருந்தது.

நடுவில் போன் ஒரு முறை அதிர்ந்தது. ஆட்டத்திலிருந்து ஒரு செய்தி. அவனுக்கு வாசித்துக் காட்டினேன்: 'உங்கள் தோழர் ஆமை உங்களைத் தேடுகிறார். திரும்பி வாருங்கள்.'

"நான் எங்க தேடினேன்?" என்றான் தம்பி. "இங்கதான இருக்கேன்."